இங்கிலாந்துல வேலி போடாம மிச்சமிருக்குற ஒரே ஊரு: லாக்ஸ்டன்

நீங்க கேட்டது இதுதான்: இங்கிலாந்து கிராமம்னு எந்த ஃபோட்டோ பாத்தாலும் கட்டம் கட்டமா பச்சை வயல், சுத்தி உயிர்வேலி, நடுவுல தனியா ஒரு பண்ணை வீடுன்னு இருக்கே, எப்பவுமே இப்படித்தான் இருந்துச்சா, பழைய மாதிரி ஊர் ஏதாவது இன்னும் மிச்சம் இருக்கா, இருந்தா போய் பாக்க முடியுமா. மூணுக்கும் சேத்தே சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், ஏன்னா இந்த ஊரைப் பத்தி ஆரம்பிச்சா என்னால சுருக்கமா நிறுத்த முடியாது.

எப்பவும் இப்படி இருந்ததில்ல. நீங்க பாக்குற அந்தக் கட்டம் கட்டமான வயல்ல பெரும்பகுதி, முக்கியமா இங்கிலாந்தோட நடு மாவட்டங்கள்ல, கடந்த முன்னூறு வருஷத்துக்குள்ள சர்வேயர் சங்கிலி பிடிச்சு அளந்து கோடு போட்டது. அதுக்கு முன்னாடி பல நூறு வருஷம் அந்த ஊர்கள்ல வேலியே கிடையாது, ஊரைச் சுத்தி ரெண்டோ மூணோ பெரிய பெரிய வெளி, ஒவ்வொண்ணும் நூத்துக்கணக்கான ஏக்கர், அதுக்குள்ள ஊர்க்காரங்க எல்லாருக்கும் நீள நீளமா துண்டு. அந்த முறை மத்த ஊர்கள்ல போயிருச்சு. நாட்டிங்ஹாம்ஷயர்ல லாக்ஸ்டன்னு ஒரு சின்ன ஊர்ல மட்டும் அது இன்னிக்கும் நடக்குது, கண்காட்சிக்காக இல்ல, நிஜமாவே கோதுமை விதைச்சு அறுத்து வித்து சாப்பிடுற விவசாயமா நடக்குது. டெவன்ல பிரான்டன்ங்கிற இடத்துல, லிங்கன்ஷயர் பக்கம் ஆக்ஸ்ஹோம்ல எல்லாம் வேலியில்லாத துண்டு நிலங்கள் கொஞ்சம் மிச்சம் இருக்கு, ஆனா மூணு வெளி சுழற்சி, அதைக் கட்டி மேய்க்க ஒரு ஊர்க் கோர்ட்டு, ரெண்டும் சேந்து உயிரோட இருக்குறது லாக்ஸ்டன்ல மட்டும்தான்.

இடம் எங்கன்னா, ஷெர்வுட் காடு தெரியும்ல, ராபின்ஹுட் கதைல வர்ற காடு, அதுக்குக் கிழக்க, ஆலர்டனுக்கும் டக்ஸ்ஃபோர்டுக்கும் நடுவுல. மண்ணு கனமான களிமண், மழை பேஞ்சா பூட்ஸை உறிஞ்சி பிடிச்சுக்கும், காஞ்சா பாளம் பாளமா வெடிக்கும். இந்த மண்ணை ஞாபகம் வச்சுக்கங்க, இந்த ஊர் விவசாயம் இப்படி அமைஞ்சதுல பாதி கதை இந்த மண்ணுலதான் இருக்கு.

முதல்ல அந்தத் துண்டு எப்படி வந்துச்சுன்னு சொல்றேன். கனமான களிமண்ணை உழணும்னா மண்ணைப் புரட்டிப் போடுற பெரிய கலப்பை வேணும், அதை இழுக்க ஒரு ஜோடி மாடு பத்தாது, நாலு ஜோடி வரைக்கும் பூட்டுவாங்க. எட்டு மாட்டை வரிசையா பூட்டி ஓட்டிட்டு வயக்கடைசில திருப்புறது லேசுப்பட்ட வேலை இல்ல, அதனால முடிஞ்ச அளவுக்குத் திருப்பாம நேரா நீளமா ஓட்டணும். அப்படி மாடு மூச்சு வாங்காம ஒரே இழுவையா இழுக்குற சாலோட நீளம்தான் ஃபர்லாங். அந்தச் சொல்லுக்கே நீள சால்னுதான் அர்த்தம். நம்ம தாத்தாங்க "ரெண்டு பர்லாங் தூரம்தான் நடந்து போயிரலாம்"னு சொல்லுவாங்கல்ல, அதே பர்லாங். 220 கெஜம். ஒரு ஏர் ஒரு நாளைக்கு உழுது முடிக்கக்கூடிய பரப்பு ஏக்கர், 220 கெஜம் நீளம் 22 கெஜம் அகலம், பெருக்குனா 4,840 சதுர கெஜம், நம்ம பத்திரத்துல எழுதுற ஏக்கர் இன்னிக்கும் அந்தக் கணக்குதான். அந்த 22 கெஜம்தான் சர்வேயரோட ஒரு சங்கிலி நீளம், கிரிக்கெட் பிட்ச்சோட நீளமும் அதேதான். சேப்பாக்கத்துல பௌலர் ஓடி வந்து போடுற பந்து கடக்குற தூரத்துக்கும், மாடு பூட்டி உழுத அந்த நிலத்துண்டோட அகலத்துக்கும் அளவு ஒண்ணுன்னு முதல்தடவை தெரிஞ்சப்போ எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல.

இது ஒரு கணக்குக்குச் சொல்ற அளவுதான். நிஜத்துல லாக்ஸ்டன்ல துண்டுங்க எல்லாம் ஒரே அளவு கிடையாது, நிலத்தோட சரிவு, ஓடை, வளைவு எல்லாத்துக்கும் ஏத்தமாதிரி நீண்டும் குறுகியும் இருக்கும். பழைய உழவு நிலம் புல்லாயிப்போன இடங்கள்ல சாயங்கால வெயில் சாய்வா விழுறப்போ பாத்தீங்கன்னா, நிலம் முழுக்க மேடும் பள்ளமுமா அலை அலையா தெரியும். ஒரு துண்டை எப்பவும் நடுவை நோக்கியே மண்ணைப் புரட்டி உழுதுட்டு வந்ததால நடு உயர்ந்து ஓரம் பள்ளமாயிருச்சு, களிமண்ணுல தண்ணி நிக்காம அந்தப் பள்ளம் வழியா வடிஞ்சிரும். அந்த மேடு நேர்கோடாவும் இருக்காது, லேசா நெளிஞ்சிருக்கும், ஏன்னா கடைசில மாட்டைத் திருப்புறதுக்கு உழவன் கொஞ்ச தூரத்துக்கு முன்னாடியே வளைக்க ஆரம்பிச்சிருவான். எழுநூறு எண்ணூறு வருஷத்துக்கு முன்னாடி மாடு திரும்புன இடம் மண்ணுல அப்படியே நிக்குது.

இப்போ மூணு வெளி. லாக்ஸ்டன்ல அதுங்க பேரு மேற்கு வெளி, ஆலை வெளி, தெற்கு வெளி. ஆலைன்னா காத்தாலை, மாவு அரைக்கிறது. முதல் வருஷம் ஒரு வெளியில குளிர்கால கோதுமை, அடுத்த வருஷம் அதே வெளியில வசந்தத்துல விதைக்கிற பார்லியோ பயறு வகையோ, மூணாவது வருஷம் தரிசு. இப்படி மூணும் சுத்தி சுத்தி வரும், எந்த வருஷமும் ஒரு வெளி கோதுமையில, ஒண்ணு வசந்தப் பயிர்ல, ஒண்ணு ஓய்வுல இருக்கும். அந்தக் காலத்துல தரிசு கிடக்குற வெளியிலயும் அறுவடை முடிஞ்ச தாள்லயும் ஊர் ஆடு எல்லாம் சேந்து மேயும், ஆட்டுப் புழுக்கைதான் உரம். இப்போ அந்த ஓய்வு வருஷத்துல வெறுந்தரிசா போடாம புல்லோ தீவனமோ போடுறாங்க, ஆனா சுழற்சி மாறல.

இதுல பலபேர் தப்பா புரிஞ்சுக்கிற ஒரு விஷயம் இருக்கு, நானும் முதல்ல தப்பாதான் நெனச்சேன். திறந்த வெளி, வேலி இல்லன்னதும் நிலம் எல்லாருக்கும் பொது, விளைச்சலைப் பங்கு போட்டுக்குவாங்கன்னு தோணும். அப்படிக் கிடையவே கிடையாது. ஒவ்வொரு துண்டும் யாரு பயிர் பண்றதுன்னு தெளிவா இருக்கும், விளைஞ்சது அவருக்கு, நஷ்டமும் அவருக்கு. பொதுவா இருந்தது ரெண்டு விஷயம்தான், எந்த வெளியில எந்த வருஷம் என்ன பயிருங்கிற முடிவு, அறுவடைக்கு அப்புறம் மேய்ச்சல். நிலம் தனித்தனி, காலண்டர் மட்டும் பொது. இந்த ஒரு வரியைப் புரிஞ்சுக்கிட்டா லாக்ஸ்டன் முழுசா புரிஞ்சிரும். ஏன்னா உங்க துண்டுக்கு ரெண்டு பக்கமும் வேலி இல்லாம அடுத்தவன் துண்டு இருக்கு, நீங்க மட்டும் லேட்டா விதைச்சு லேட்டா அறுத்தா ஊர் ஆடு உங்க கதிருக்குள்ள நிக்கும். அதனால எல்லாரும் ஒத்துப் போய்த்தான் ஆகணும்.

ஒருத்தருக்கே துண்டுங்க ஏன் சிதறிக் கிடந்துச்சு, ஒரே இடத்துல கொடுத்திருக்கலாமேன்னு கேப்பீங்க. ஒரு வெளியில நல்ல மண்ணும் இருக்கும் மட்ட மண்ணும் இருக்கும், பள்ளமும் இருக்கும் மேடும் இருக்கும். எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தா மழை ஜாஸ்தியான வருஷம் மேட்டுத் துண்டு காப்பாத்தும், காய்ஞ்ச வருஷம் பள்ளத்துத் துண்டு காப்பாத்தும். மூணு வெளியிலயும் துண்டு இருந்தாதான் வருஷா வருஷம் கோதுமையும் கிடைக்கும். அதோட பாதிப்பு ஊர் அமைப்புலயும் தெரியும். நிலம் நாலா பக்கமும் சிதறிக் கிடக்குறதால எந்த நிலத்துக்கு நடுவுலயும் வீடு கட்ட முடியாது, எல்லா பண்ணை வீடும் ஊருக்குள்ளயே தெருவை ஒட்டி வரிசையா இருக்கும், பின்னாடி களம், கொட்டாய், நீளமான கொல்லை. லாக்ஸ்டன் தெருவுல நடந்தா ஒரு டிராக்டர் வீட்டு வாசல்லேருந்து வெளிய வரும், இங்கிலாந்துல இப்போ வேற எங்கயும் சுலபமா பாக்க முடியாத காட்சி அது.

இந்த ஊரோட 1635ஆம் வருஷத்து நிலவரம் அப்படியே படமா இருக்கு. அந்த வருஷம் மார்க் பியர்ஸ்ங்கிற சர்வேயர் ஊர் முழுக்க அளந்து, ஒவ்வொரு துண்டையும் தோல் தாள்ல வரைஞ்சு, எது யாருதுன்னு தனியா ஒரு புத்தகத்துலயும் எழுதி வச்சாரு. ரெண்டாயிரத்துக்கும் மேல துண்டு. அந்த வரைபடம் இப்போ ஆக்ஸ்ஃபோர்டுல பாட்லியன் நூலகத்துல இருக்கு. வெறும் கோடு மட்டும் இல்ல, ஏர் ஓட்டுறவன், கதிர் அறுக்குறவங்க, மான் வேட்டைக்குப் போறவங்க எல்லாம் குட்டி குட்டியா வரைஞ்சிருக்காரு. யாரு கேட்டு வரைஞ்சதுன்னு பாத்தா சர் வில்லியம் கோர்ட்டன்னு ஒரு லண்டன் வியாபாரி, அப்போ லாக்ஸ்டன் அவரோட சொத்து. ஃப்ளாண்டர்ஸ்லேருந்து (இப்போ பெல்ஜியம் இருக்குற பக்கம்) அகதியா வந்த துணி வியாபாரக் குடும்பம், பார்படோஸ் தீவுல குடியேத்தம் ஆரம்பிச்சதுல பணம் போட்டவரு. நமக்கு இன்னொரு சங்கதி இருக்கு இவர்கிட்ட. அதே 1635ல ராஜா முதலாம் சார்லஸ், கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியா இந்தியாவோட வியாபாரம் பண்ண ஒரு தனிக் கூட்டத்துக்கு அனுமதி கொடுத்தாரு, அதுக்குப் பின்னாடி இருந்த பணம் கோர்ட்டனோடது. அடுத்த வருஷமே அவங்க கப்பலுங்க கோவாவுக்குக் கெளம்பிருச்சு, அதே 1636ல அவரும் செத்துட்டாரு. ராஜாவுக்குக் கொடுத்த கடன், கப்பல் நஷ்டம்னு வாரிசுங்க மூழ்கிப் போய் லாக்ஸ்டன் கை மாறி பியர்பான்ட் குடும்பத்துக்குப் போச்சு, அவங்க வழியில பின்னாடி வந்தவங்கதான் மான்வர்ஸ் பிரபுக்கள். ஒரு வெளியில கோதுமைத் துண்டு எண்ணிட்டிருந்த அதே வருஷம் அந்தச் சொத்துக்காரர் நம்ம மேற்குக் கரை மிளகுல கணக்கு போட்டிருக்காருன்னு நெனச்சா, சின்ன ஊர்ன்னு எதையும் ஒதுக்கக் கூடாதுன்னு தோணுது.

அதுக்கும் முன்னாடி போகணும்னா 1086ல எடுத்த டூம்ஸ்டே கணக்கெடுப்புலயே ஊர் இருக்கு. ஊருக்கு வடக்க ஒரு பெரிய மண்மேடு, சுத்தி அகழி, நார்மன் காலத்துக் கோட்டை, கல்லு எதுவும் மிச்சமில்ல, மேடு மட்டும் புல் மூடி அப்படியே இருக்கு. ஷெர்வுட் காட்டுக் காவல் பொறுப்பு இந்த ஊர்ப் பிரபுக் குடும்பத்துக்குப் பரம்பரையா இருந்துச்சு, 13ஆம் நூற்றாண்டு முடியுறதுக்குள்ள அது அவங்க கையை விட்டுப் போயிருச்சு. புனித மிக்கேல் சர்ச்சுல அந்தப் பிரபுக் குடும்பமான எவரிங்ஹாம்காரங்களோட சிலைங்க படுத்த கோலத்துல இருக்கு, அதுல ஒரு அம்மாவோடது மட்டும் மரத்துல செஞ்சது. மத்த ஊர் சரித்திரப் புத்தகத்துல இதெல்லாம்தான் பெருசா வரும், எனக்கு என்னமோ அந்தப் பிரபுங்களை விட வெளியில கலப்பை பிடிச்சவங்கதான் இந்த ஊர்ல முக்கியமா படுறாங்க.

சரி, மத்த ஊர்கள்ல இது எப்படிப் போச்சு. சில இடத்துல சொத்துக்காரங்க பேசி முடிவு பண்ணி வேலி போட்டுக்கிட்டாங்க, ஆனா 18ஆம் நூற்றாண்டுலேருந்து பெரிய அளவுல நடந்தது பார்லிமென்ட் சட்டம் வழியா. 1604லேருந்து 1914 வரைக்கும் 5,200க்கும் மேல தனித்தனிச் சட்டம், மொத்தம் 68 லட்சம் ஏக்கர். ஒரு ஊர்ல பெரிய நிலம் வச்சிருக்குறவங்க மனு போடுவாங்க, சட்டம் பாஸாகும், கமிஷனருங்க வந்து சிதறிக் கிடக்குற துண்டை எல்லாம் சேத்து ஆளுக்கு ஒரே இடத்துல ஒதுக்குவாங்க, வேலி போடு, வாய்க்கால் வெட்டுன்னு உத்தரவு. விளைச்சல் கூடுச்சு, குத்தகை ஏறுச்சு, நிலத்துல தண்ணி வடிய வசதி பண்ண முடிஞ்சுது, இதெல்லாம் உண்மை, மறுக்க முடியாது. ஆனா ரெண்டு ஏக்கர் வச்சிருந்தவனால வேலிச் செலவும் வக்கீல் செலவும் தாங்க முடியல, வித்துட்டுப் போயிட்டான். நிலமே இல்லாம பொது மேய்ச்சல்ல ஒரு மாடு, நாலு வாத்து விட்டுப் பொழைச்ச குடும்பத்துக்கு அந்த ஒரு மாடும் போச்சு, முழுக் கூலியாளா ஆயிட்டாங்க. அந்த மாடு இருந்தவரைக்கும் அந்தம்மா கையில பாலும் வெண்ணெயும் இருந்துச்சு, அது போனப்புறம் சனிக்கிழமை கூலியை மட்டும் பாத்து உக்காரணும், அந்த இழப்பை எந்தக் கமிஷனரும் கணக்குல எழுதல. உங்க ஃபோட்டோல வர்ற அழகான உயிர்வேலிக்குப் பின்னாடி இதுவும் இருக்கு.

லாக்ஸ்டன் மட்டும் ஏன் தப்பிச்சுது. யாரோ பாரம்பரியத்தைக் காப்பாத்தணும்னு முடிவு பண்ணதால இல்ல. ஊர்ல நிலம் ரெண்டு பெரிய பிரபுக்கள்கிட்ட பிரிஞ்சிருந்துச்சு, ஒண்ணு மான்வர்ஸ், இன்னொண்ணு ஸ்கார்பரோ, நடுவுல சொந்த நிலம் வச்சிருந்த சின்ன ஆளுங்க வேற. ஒத்துக்க வைக்கிறது கஷ்டம். கொஞ்சம் கொஞ்சமா ஓரங்கள்ல வேலி போட்டாங்க, 1635ல இருந்ததுல ஒரு பகுதிதான் இன்னிக்கு மிச்சம், இப்போ திறந்த வெளி சுமார் 480 ஏக்கர். மிச்சத்தையும் முடிச்சிருக்கலாம், ஆனா 1870களோட கடைசியில அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலா வந்து இறங்கி இங்கிலாந்து விவசாயம் படுத்துருச்சு, அந்த நேரத்துல வேலிக்கும் வடிகாலுக்கும் பணம் கொட்ட எந்தப் பிரபுவுக்கும் மனசு வரல. இந்த ரெண்டும் சேந்துதான் காப்பாத்துச்சுங்கிறது என் கணிப்பு. அப்புறம் 1900களோட தொடக்கத்துல மான்வர்ஸ் பிரபு குத்தகைதாரங்களுக்குள்ள துண்டுகளை மாத்திக் கொடுத்து, சின்னச் சின்னத் துண்டை எல்லாம் சேத்து அகலமாக்கினாரு. சிலபேர் இதைக் கேட்டுட்டு அப்போ பழைய முறை போயிருச்சேன்னு வருத்தப்படுவாங்க. நான் அப்படி நெனைக்கல. அந்த மாத்தம் வரலேன்னா டிராக்டர் வந்த காலத்துல இந்த முறை ஒரு பத்து வருஷம்கூட தாக்குப் பிடிச்சிருக்காது.

ஆனா வேலி போடாம விட்டதால மட்டும் ஒரு முறை உயிரோட இருக்காது. அதை வருஷா வருஷம் யாராவது கைல பிடிச்சுத் தூக்கி நிறுத்தணும். லாக்ஸ்டன்ல அந்த வேலையைப் பண்றது கோர்ட் லீட், அதாவது ஊர்க் கோர்ட்டு. நான் இவ்வளவு நீளமா எழுத உக்காந்ததே இதைச் சொல்லத்தான்.

நவம்பர் கடைசி டிசம்பர் தொடக்கத்துல, கோதுமை விதைச்சு முளை விட்டதுக்கு அப்புறம், ஒரு நாள் குறிப்பாங்க, ஜூரி நாள். ஊர் விவசாயிங்கள்லேருந்து போன வருஷம் பதவி ஏத்த ஜூரி, அவங்களுக்கு ஒரு தலைவர், எல்லாரும் டிராக்டர் டிரெய்லர்ல ஏறி கோதுமை போட்ட வெளிக்குப் போவாங்க. அந்தக் குளிர்ல களிமண்ணுல இறங்கி ஒவ்வொரு துண்டோட முனையையும் பாப்பாங்க. யாராவது பாதையை ஒட்டி ஒரு சால் கூடுதலா உழுதிருக்காங்களா, பொதுப் புல்லுக்குள்ள கலப்பை போயிருக்கா, ஓடையைச் சுத்தப்படுத்தாம விட்டிருக்காங்களா. எல்லை எங்க இருக்கணுமோ அங்க முளைக்குச்சி அடிப்பாங்க. யாரு எவ்வளவு தாண்டியிருக்காங்கன்னு குறிச்சுக்குவாங்க. அப்புறம் டவ்கோட்ங்கிற ஊர் பப்புல சேந்து சாப்பாடு, அங்கயே உக்காந்து யாருக்கு எவ்வளவு அபராதம்னு பேசி முடிவு பண்ணுவாங்க. அடுத்த வாரம் அதே பப்புல கோர்ட்டு கூடும். எஸ்டேட் சார்பா வர்ற ஸ்டீவர்ட்ங்கிற சட்ட அதிகாரி தலைமை, பேலிஃப்னு ஒரு ஊர் அதிகாரி. ஜூரி கண்டுபிடிச்சதைப் படிப்பாங்க, அபராதம் போடுவாங்க, அடுத்த வருஷத்து ஜூரிக்குச் சத்தியப் பிரமாணம் பண்ணி வைப்பாங்க, அவ்வளவுதான், கலைஞ்சிருவாங்க.

அபராதத் தொகை பெருசு இல்ல. ஆனா பக்கத்து வீட்டுக்காரங்க முன்னாடி உங்க பேரைப் படிச்சு, இத்தனை அடி தாண்டி உழுதிருக்கார்னு சொல்றது சாதாரண விஷயமும் இல்ல. ஜூரியில இருக்குற ஆளுகளே தப்பு பண்ணியிருந்தா அவங்களுக்கும் அபராதம் உண்டு. அடுத்த வருஷம் நீங்க ஜூரியில இருப்பீங்க, அவரு துண்டை நீங்க பாப்பீங்க. பொதுச் சொத்துன்னா ஆளாளுக்குச் சுரண்டி அழிச்சிருவாங்க, வேலி போட்டுத் தனியாக்குறதுதான் ஒரே வழின்னு ஒரு வாதம் உலகம் முழுக்க ஓடிட்டிருக்குல்ல, அதைச் சொல்றவங்க எல்லாரையும் ஒரு டிசம்பர் மாசம் இந்த வெளிக்குக் கூட்டிட்டுப் போகணும்னு எனக்கு ஆசை. அங்க ஒரு சால் அகலத்துக்குக்கூட யாரும் யாரையும் விடல, எல்லாரும் எல்லாரையும் பாத்துட்டு இருக்காங்க, அதுக்கு ஒரு நாள் குறிச்சு, ஒரு முறை வச்சு, அப்புறம் சேந்து சாப்பிட்டுட்டுப் போறாங்க. பல நூறு வருஷமா மண்ணும் குறையல, பாதையும் சுருங்கல.

இந்தக் கோர்ட்டு சும்மா சடங்குக்குன்னு நெனச்சுராதீங்க. இங்கிலாந்துல இப்படி ஊர்க் கோர்ட்டுங்க நிறைய இருந்துச்சு, 1977ல ஒரு நீதி நிர்வாகச் சட்டம் கொண்டுவந்து அதுங்களோட அதிகாரத்தை எல்லாம் எடுத்துட்டாங்க, பல ஊர்ல இப்போ அலங்கார ஊர்வலத்தோட நிக்குது. லாக்ஸ்டனுக்கு மட்டும் அந்தச் சட்டத்துலயே விதிவிலக்கு கொடுத்தாங்க. அதனால அந்த பப்புல போடுற அபராதம் சட்டப்படியான அபராதம்.

ஜூரி பாக்குற பொதுப் புல்லுன்னு சொன்னேன்ல, அதை அங்க சைக்னு சொல்றாங்க. வெளிக்கு நடுவுல தாழ்வா, ஈரமா, உழ முடியாம கிடக்குற புல் நிலம். உழவு படாததால அதுல பழங்காலத்துப் புல்பூண்டும் காட்டுப் பூவும் அப்படியே இருக்கு, அதுக்காகவே இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்துல சிறப்பு இடமா அறிவிச்சிருக்காங்க. சைக்ல வளர்ற தீவனப் புல்லை வருஷா வருஷம் கோடையில ஏலம் விடுவாங்க. ஊருக்குள்ள இன்னொண்ணும் பாக்கலாம், பின்ஃபோல்ட், அதாவது அடுத்தவன் பயிர்ல மேய்ஞ்ச மாட்டைப் பிடிச்சு அடைக்கிற பவுண்டு. நம்ம ஊர்லயும் "மாட்டைப் பவுண்டுல அடைச்சுட்டாங்க"ன்னு சொல்றோம்ல, அதுக்கு இங்க இருக்குற சட்டம் 1871ல வெள்ளைக்காரன் போட்ட கால்நடை அத்துமீறல் சட்டம். வேலி இல்லாத வெளியில மாடு எங்க வேணாலும் போகும்ங்கிறதால அந்த ஊர்களுக்குப் பவுண்டு இல்லாம முடியாது.

சொத்து இப்போ யாருதுன்னா, 1952ல மான்வர்ஸ் பிரபு லாக்ஸ்டனை அரசாங்கத்தோட விவசாய அமைச்சகத்துக்கு வித்தாரு, இந்த முறை அழிஞ்சிரக் கூடாதுங்கிற எண்ணத்தோட. அமைச்சகம் 1981ல அதைக் கிரவுன் எஸ்டேட்டுக்கு, அதாவது அரச முடியோட பேர்ல இருக்குற சொத்துக்களை நிர்வாகம் பண்ற அமைப்புக்கு, மாத்துச்சு. அப்புறம் கிரவுன் எஸ்டேட்டும் விக்கப் போகுதுன்னதும், யாரோ ஒரு கம்பெனி வாங்கி எல்லாத்தையும் ஒரே வயலா உழுதுருவானோன்னு எனக்கு உண்மையிலேயே அடி வயிறு கலங்குச்சு. கடைசியில 2020ல தோர்ஸ்பி எஸ்டேட் வாங்குச்சு, அதாவது மான்வர்ஸ் குடும்பத்தோட பழைய எஸ்டேட்டே, சுமார் எழுபது வருஷம் கழிச்சுத் திரும்பி வந்துருக்கு. விவசாயிங்க பெரும்பாலும் குத்தகைதாரங்க. நிலம் யாரு பேர்ல இருந்தாலும் வெளியைப் பாக்குறது அவங்கதான்.

கவலை இல்லாம இல்ல. இந்த முறை ஓட குறிப்பிட்ட எண்ணிக்கையில விவசாயக் குடும்பம் வேணும், ஜூரிக்கு ஆள் வேணும். இருக்குற பண்ணைங்க சின்னது, இன்னிக்கு இங்கிலாந்துல தானியம் மட்டும் போட்டு ஒரு குடும்பம் பொழைக்கணும்னா இதைவிடப் பல மடங்கு நிலம் வேணும். அதனால வெளித் துண்டோட வேலி போட்ட நிலமும் சேத்து, ஆடு மாடும் வச்சு, சிலபேர் வேற வேலையும் பாத்து ஓட்டுறாங்க. ஒரு பண்ணை காலியானா அந்தத் துண்டை இன்னொருத்தர் எடுத்துக்கலாம், அது சரி, ஆனா எல்லாத் துண்டும் ரெண்டு பேர்கிட்ட போயிட்டா எல்லையைப் பாக்க யாரு ஜூரி. புதுசா குத்தகைக்கு வர்ற இளவட்டத்துக்கு நிலம் கொடுக்கணும், இந்தத் துண்டு முறையால அவங்களுக்கு ஆகுற கூடுதல் செலவை யாராவது ஏத்துக்கணும். நாட்டுக்கே இது ஒண்ணுதான் மிச்சம்னு எல்லாரும் பெருமையா பேசுறோம், அப்போ அந்த டீசல் காசையும் நாடுதான் தரணும்ங்கிறது என் கட்சி.

போய் பாக்கலாமான்னு கேட்டீங்க, தாராளமா. டவ்கோட் பப்பை ஒட்டியே ஒரு சின்ன விவரக் கூடம் இருக்கு, முதல்ல அங்க போய் வரைபடத்தை மனசுல வாங்கிக்கிட்டு அப்புறம் வெளிக்கு நடங்க, பொது நடைபாதை இருக்கு. வேலியில்லாத வெளியை எதிர்பாத்துட்டுப் போறவங்க முதல் பத்து நிமிஷம் ஏமாந்து போவாங்க, பாக்க வெறும் பெரிய வயல் மாதிரிதான் இருக்கும். நின்னு பாருங்க. ஒரு துண்டு முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கிற இடத்துல பயிரோட பச்சை லேசா மாறும், ஒருத்தர் ஒரு வாரம் முன்னாடி விதைச்சிருப்பாரு, இன்னொருத்தர் வேற ரகம் போட்டிருப்பாரு, நடுவுல வரப்புகூட இருக்காது. பூ பாக்கணும்னா சைக் அறுக்குறதுக்கு முன்னாடி, ஜூன்ல போங்க. ஊர் எல்லையிலேயே தேசிய ஹோலோகாஸ்ட் மியூசியமும் (நாஜிங்க யூதர்களைக் கொன்னு குவிச்சதைப் பத்தினது) இருக்கு, 1995ல ஆரம்பிச்சது, அதுக்குத் தனியா ஒரு நாள் ஒதுக்குங்க, ரெண்டையும் ஒரே நாள்ல போட்டுக் குழப்பிக்காதீங்க. எனக்குப் பிடிச்சது டிசம்பர்தான், கூட்டம் இருக்காது, பூட்ஸ் மட்டும் நல்லதா போட்டுக்கங்க. ஜூரி வந்துட்டுப் போன ஒரு வாரத்துக்குள்ள போனீங்கன்னா கோதுமை வெளியோட ஓரத்துல புது முளைக்குச்சி வெள்ளையா நிக்கும், அதுக்கு வெளிய தாண்டி ஒரு சால் மண்ணு புரண்டு கிடந்தா, யாருக்கோ அபராதம் காத்திருக்குன்னு அர்த்தம்.